பழைய ஒமேகாவுக்கு உதிரிப் பாகம் தேடுவது எப்படி

வீட்டு அலமாரியில் பல ஆண்டுகளாகக் கிடந்த ஒமேகா கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துச் சாவி கொடுத்துப் பார்த்து, அது ஓடவில்லை என்றதும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், இணையத்தில் 'ஒமேகா உதிரிப் பாகம்' என்று தேடுவதுதான். அந்தத் தேடலில் ஆயிரக்கணக்கான பொருள்கள் வந்து நிற்கும். கையில் இருக்கும் கடிகாரத்துக்குப் பொருந்துவது அவற்றில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். உதிரிப் பாகத்தை டயலில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து வாங்க முடியாது; உள்ளே ஓடும் மெஷினின் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இதை விளக்க, 1960-களில் வந்த தானியங்கி ஒமேகா சீமாஸ்டரை எடுத்துக்கொள்கிறேன். அக்காலத்தின் பிற சுவிஸ் கடிகாரங்களுக்கும் இதே வழிமுறை பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் மூன்று எண்கள்

பின்மூடியைத் திறக்காமல் எதையும் வாங்கக் கூடாது. திருகு மூடியா அழுத்து மூடியா என்று பார்த்து, அதற்குரிய கருவியால் திறக்க வேண்டும்; கத்தி முனையால் நெம்பிக் கேஸில், அதாவது வெளிக்கூட்டில், கீறல் போட்டுக்கொண்டவர்கள் பலர். தயக்கமாக இருந்தால் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியால் நெருக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு உடனே மூடச் சொல்லலாம். உங்களுக்குத் தேவை அந்தப் படம்தான்.

படத்தில் தேட வேண்டியது மூன்று எண்கள். முதலாவது, மெஷினின் வகையைக் குறிக்கும் காலிபர் எண். ஒமேகாவில் அது, சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் தகடான பாலத்தின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். தானாகச் சாவி கொடுக்கும் சுழல் எடையான ரோட்டர் மறைத்தால் கடிகாரத்தை மெல்லச் சாய்த்து அதை ஒதுக்கிப் பார்க்கலாம். 552, 562, 565 போன்ற எண்கள் இந்தக் காலத்துச் சீமாஸ்டர்களில் அடிக்கடி காணப்படுபவை. இரண்டாவது, அதே மெஷினில் இருக்கும் ஏழு அல்லது எட்டு இலக்கத் தொடர் எண். அதைக் கொண்டு ஆண்டை ஏறத்தாழக் கணிக்கலாம். இரண்டு கோடியை ஒட்டிய எண்கள் 1960-களின் முற்பகுதியைச் சேர்ந்தவை. மூன்றாவது, பின்மூடியின் உட்புறம் அச்சிட்டிருக்கும் கேஸ் எண். 1960-களில் ஒமேகா இதை மூன்று இலக்கம், ஒரு புள்ளி, மீண்டும் மூன்று இலக்கம் என்ற வடிவில் எழுதத் தொடங்கியது. 165 என்று தொடங்கினால் தேதி காட்டாத தானியங்கி. 166 என்றால் தேதி உள்ளது. 167, 168 என்றால் நேரத் துல்லியத்துக்கான குரோனோமீட்டர் சான்று பெற்றது, பெரும்பாலும் கான்ஸ்டலேஷன் வகை. பின்மூடி 166 என்று சொல்ல, டயலில் தேதிச் சாளரமே இல்லை என்றால், ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்களைச் சேர்த்து ஒட்டிய ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று பொருள். அதற்குப் பாகம் வாங்குவதற்கு முன், எதை எதோடு பொருத்தப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

வேறு பல சுவிஸ் கடிகாரங்களில் பெயர் ஒருவருடையது, மெஷின் வேறொருவருடையது. ஈட்டா, ஏ. ஷில்ட், எஃப்.ஹெச்.எஃப். போன்ற ஆலைகள் மெஷின் செய்து கொடுக்க, நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் தங்கள் டயலை அதன் மேல் வைத்து விற்றன. அவ்வகையில் ஆலையின் முத்திரையும் எண்ணும் பெரும்பாலும், முன்னும் பின்னும் ஊசலாடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில், அடித்தட்டில் சிறிதாகப் பதிந்திருக்கும். எண்ணே இல்லை என்றால் மெஷினின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து 2.256-ஆல் வகுத்தால் லின்ய் என்ற பழைய அளவு கிடைக்கும். கடிகாரக்காரர்கள் இன்றும் மெஷினை 11½ லின்ய், 13 லின்ய் என்றுதான் சொல்வார்கள். அதோடு, டயலைக் கழற்றினால் தெரியும், சாவித் தண்டின் நிலையைப் பிடித்து நிறுத்தும் செட்டிங் லீவர் ஸ்பிரிங்கின் வடிவத்தையும் பட்டியல் படங்களோடு ஒப்பிட வேண்டும். அந்தத் தகட்டின் வளைவு ஆலைக்கு ஆலை, எண்ணுக்கு எண் மாறுவதால், பழைய உதிரிப் பாகப் பட்டியல்கள் மெஷினை அடையாளம் காண அதையே கைரேகை போலப் பயன்படுத்தின.

பாகத்துக்கும் எண் உண்டு

காலிபர் எண் தெரிந்த பிறகு பாகத்தின் எண் வேண்டும். சுவிஸ் மெஷின்களில் ஒரே வேலையைச் செய்யும் பாகத்துக்குப் பெரும்பாலும் ஒரே எண்தான்: சாவித் தண்டான ஸ்டெம் 401, செட்டிங் லீவர் 443, அதன் ஸ்பிரிங் 445, எஸ்கேப் சக்கரம் 705, பேலட் ஃபோர்க் 710, பேலன்ஸ் சக்கரத்தின் அச்சான பேலன்ஸ் ஸ்டாஃப் 723, கடிகாரத்தை ஓட்டும் சுருளான மெயின் ஸ்பிரிங் 770. 'ஏ. ஷில்ட் இன்ன காலிபர், 443' என்று எழுதினால் ஜெர்மனிக்காரருக்கும் கொல்கத்தாக்காரருக்கும் அது ஒரே பொருள்தான். ஒமேகா தனக்கென நான்கு இலக்க எண்களை வைத்துக்கொண்டது. அதில் ஸ்டெம் 1106, மெயின் ஸ்பிரிங் 1208.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. 550-இல் தொடங்கி 565 வரையிலும் 750 வரிசையிலும் வந்த ஒமேகா மெஷின்கள் ஒரே குடும்பம். அவற்றின் பெரும்பாலான பாகங்கள் பொதுவானவை என்பதால், வணிகர்கள் அவற்றைக் குடும்பத்தின் முதல் எண்ணான 550-இன் கீழ் பட்டியலிடுவார்கள். 565-க்கு மெயின் ஸ்பிரிங் எங்கும் இல்லை என்று மாதக்கணக்கில் தேடியவருக்கு, 550 என்று மாற்றித் தேடிய அன்றே அது கிடைத்துவிடும். ஆனால் குடும்பம் ஒன்றுதானே என்று எல்லாவற்றையும் வாங்கிவிடக் கூடாது. தேதி மாற்றும் பாகங்கள் 562-க்கு வேறு, சாவியை இழுத்துத் தேதியை விரைவாக மாற்ற வசதியுள்ள 565-க்கு வேறு.

எது புதிதாக, எது பழையதாக

எல்லாப் பாகத்தையும் 'ஒரிஜினல்' ஆகத்தான் போடுவேன் என்று நிற்பவர் காசை இழப்பார். எதுவானாலும் ஓடினால் போதும் என்பவர் கடிகாரத்தின் மதிப்பை இழப்பார். பாகத்துக்குப் பாகம் முடிவு வேறு.

மெயின் ஸ்பிரிங்கைப் புதிதாகவே வாங்க வேண்டும். பழைய நீல எஃகுச் சுருள்கள் ஆண்டுக்கணக்கில் சுருண்டே கிடந்து வலுவிழந்தவை. அது அடங்கியிருக்கும் டிரம்மிலிருந்து வெளியே எடுத்தால் நல்ல சுருள் எதிர்ப்புறமாக வளைந்து ஆங்கில 'எஸ்' எழுத்துப் போல விரியும், களைத்தது வட்டமாகவே படுத்துக் கிடக்கும். இன்று கிடைக்கும் துருப்பிடிக்காத வெள்ளை உலோகச் சுருள்கள் அவற்றைவிட எல்லா வகையிலும் மேல். அவற்றை வாங்கும்போது பாக எண்ணோடு உயரம், தடிமன், நீளம் ஆகிய மூன்று அளவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். தடிமனில் நூறில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் கடிகாரத்தின் விசை மாறிவிடும். தானியங்கிக் கடிகாரத்தின் சுருளுக்கு முனையில் வழுக்கும் பட்டை இருக்கும். கையால் சாவி கொடுக்கும் வகையின் சுருளை அதில் போட முடியாது.

ரப்பர் வளையங்களும் புதிதாகவே இருக்க வேண்டும். 'பழைய கையிருப்பு, பிரிக்காத பொட்டலம்' என்று விற்கப்படும் அறுபது ஆண்டு ரப்பர் வெறும் தார்த் துண்டுதான்.

ஸ்டெம்முக்கு வேறு நிறுவனத்தார் செய்த மாற்றுப் பாகம் போதும்; யார் கண்ணுக்கும் படாத எஃகுக் கம்பி அது. கண்ணாடி அப்படியல்ல. ஒமேகாவின் அக்ரிலிக் கண்ணாடியின் நடு மையத்தில், உட்புறத்தில், நுண்ணிய ஒமேகா சின்னம் பதிந்திருக்கும். வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது, பத்து மடங்கு லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். சின்னம் இல்லாத கண்ணாடியும் கடிகாரத்தைக் காக்கும். ஆனால் சின்னம் கண்ணை உறுத்தும் அளவுக்குப் பெரிதாகவும் கரடாகவும் இருந்தால் அது போலி; அதைவிடச் சின்னமே இல்லாத நேர்மையான மாற்றுக் கண்ணாடி மேல்.

சாவி, அதாவது திருகும் குமிழ், என்னை ஏமாற்றிய பாகம். என் தாய்மாமாவின் சீமாஸ்டருக்காக, பழைய வடிவ ஒமேகா சின்னம் பொறித்த அழகான சாவி ஒன்றை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். எங்கள் ஊரில் முப்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் அதைக் கேஸின் மேல் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "தம்பி, மேல ஒமேகான்னு இருந்தா ஆச்சா? டியூபை அளந்தீங்களா?" என்று கேட்டார். அளந்திருக்கவில்லை. கேஸிலிருந்து நீண்டிருக்கும் குழாயைவிடச் சாவியின் உள்துளை அரை மில்லிமீட்டர் பெரிது. பூட்டினால் ஆடும், தூசியும் ஈரமும் நேரே உள்ளே போகும். சாவி வாங்க நான்கு அளவுகள் தேவை என்பதை அன்றுதான் கற்றேன்: வெளிவிட்டம், உயரம், குழாய் நுழையும் துளையின் விட்டம், ஸ்டெம்மின் மரையளவு. கடைசி அளவை மறந்தால் சாவி ஸ்டெம்மில் ஏறவே ஏறாது. ஈட்டா 2824-இன் ஸ்டெம் மரை 0.90 மில்லிமீட்டர், ஒவ்வொரு மெஷினுக்கும் இப்படித் தனி அளவு உண்டு.

பேலன்ஸ்தான் எல்லாவற்றிலும் கடினம். கடிகாரம் கீழே விழுந்தால் முதலில் முறிவது பேலன்ஸ் ஸ்டாஃபின் நுனி; அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஸ்டாஃபை மட்டும் வாங்கினால், பழையதைக் கடைசலில் வெட்டி எடுத்துப் புதியதை அடித்துப் பதித்து, சக்கரத்தைச் சமன் செய்யும் கைத்திறன் உள்ளவர் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் அருகிவிட்டார்கள். ஒரே காலிபர் அதிர்ச்சி தாங்கியுடனும் இல்லாமலும் வந்திருக்கும்போது இரண்டுக்கும் ஸ்டாஃப் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளும் பேலன்ஸ் சக்கரமும் ஆலையிலேயே ஒன்றுக்கொன்று இணை சேர்க்கப்பட்டவை என்பதால், ஒன்றை ஓரிடத்திலும் மற்றதை வேறிடத்திலும் வாங்கிச் சேர்த்தால் நேரம் சரியாக நிற்காது. முழு பேலன்ஸாக வாங்குவதும், அதுவும் கிடைக்காவிட்டால் அதே காலிபருள்ள, கேஸ் பாழான கடிகாரம் ஒன்றை முழுதாக வாங்கி அதிலிருந்து எடுப்பதும்தான் நடைமுறைக்கு உகந்தவை. பல நேரங்களில் தனித்தனியே நான்கு பாகங்கள் வாங்குவதைவிட ஓடாத முழு மெஷின் மலிவாக அமையும்.

டயலையும் முட்களையும் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது: முடிந்தவரை மாற்றாதீர்கள். மங்கிப் புள்ளி விழுந்த அசல் டயல், பளபளக்கும் மறுவர்ணம் பூசிய டயலைவிட மதிப்புள்ளது.

எங்கே கிடைக்கும்

ஸ்வாட்ச் குழுமம், தன் கீழுள்ள ஒமேகா முதலியவற்றின் பாகங்களைச் சுயேச்சை மொத்த வணிகர்களுக்குக் கொடுப்பதை 2015 முடிவோடு நிறுத்திக்கொண்டது. ரோலெக்ஸும் தன் அங்கீகாரம் பெறாத பட்டறைகளுக்குப் பாகம் தருவதில்லை. ஆகவே இன்று வெளிச்சந்தையில் இருப்பது அதற்கு முன் வாங்கிச் சேர்த்த கையிருப்பு, பழைய கடிகாரங்களிலிருந்து பிரித்தவை, பிறர் செய்த மாற்றுப் பாகங்கள் ஆகிய மூன்றும்தான். இங்கிலாந்தின் கசின்ஸ், அமெரிக்காவின் ஜூல்ஸ் போரெல், ஓட்டோ ஃப்ரை, ஜெர்மனியின் போலே போன்ற பெயர் பெற்ற வணிகர்கள் காலிபர் எண்ணையும் பாக எண்ணையும் கொண்டு தேடும் வசதி தருகிறார்கள். கண்ணாடி, ரப்பர் வளையம், மெயின் ஸ்பிரிங் ஆகியவற்றுக்கு இவர்களே போதும். அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேர்வதால், ஒரு பாகத்துக்காக எழுதாமல் தேவையெல்லாம் சேர்த்து ஒரே பொட்டலமாக வரவழைப்பது நல்லது.

இந்தியாவில் கொல்கத்தாவின் ராதா பஜாரும் மும்பையின் சோர் பஜாரும் இதற்குப் பேர்போனவை. ஒவ்வோர் ஊரிலும் மூடும் நிலையில் உள்ள கடிகாரக் கடைகளின் இழுப்பறைகளில் தகர டப்பாக்கள் நிறையப் பாகங்கள் கிடக்கின்றன. அங்கே போகும்போது கைப்பேசிப் படமும் வெர்னியரும் பழைய பாகமும் கையில் இருக்க வேண்டும். வாயால் சொல்லிக் கேட்டால் 'இருக்கு, எடுத்துக்கோங்க' என்றுதான் பதில் வரும். கழற்றிப் பழக விரும்புபவர் நேராக ஒமேகாவில் கை வைக்காமல், எச்.எம்.டி. ஜனதா ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் முடிவானது. ஆனாலும் ஜனதாவின் பாகங்கள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன, உடைந்தாலும் மனம் நோகாது.

இணையத்தில் தனியாரிடம் வாங்கும்போது விற்பவர் போட்ட படத்தை நம்பாமல், அந்தப் பாகத்தையே இருபுறமும், எண் தெரியும்படி, அளவுகோலோடு எடுத்த படம் கேட்க வேண்டும். 'எல்லா ஒமேகாவுக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். அப்படி ஒரு பாகம் இல்லை.

டயலில் மறைந்திருக்கும் பொய்

மாற்று டயல் வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மறுவர்ணம் பூசிய டயலில் எழுத்தின் ஓரங்கள் கசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறியின் நடுவே விழாமல் சற்று விலகியிருக்கும், ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய 'சுவிஸ் மேட்' விளிம்பில் வெட்டுப்பட்டோ காணாமலோ போயிருக்கும். பின்புறம் அதைவிட உண்மை பேசும்: பற்றவைத்த தடமும், டயலை மெஷினோடு பிணைக்கும் கால்களை ஒட்டியதும் அங்கேதான் தெரியும்.

இருட்டில் ஒளிரும் பூச்சு தனிக் கதை. 1960-களின் தொடக்கம் வரை ரேடியமும், அதன்பின் 1990-களின் இறுதி வரை டிரிட்டியமும் பயன்பட்டன. டிரிட்டியம் டயலில் பெரும்பாலும் 'சுவிஸ் மேட்' என்பதன் இருபக்கமும் 'டி' என்ற ஆங்கில எழுத்து நிற்கும். டிரிட்டியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 12.3 ஆண்டுகள். 60 ஆண்டுகளில் அது ஏறத்தாழ ஐந்து முறை பாதியாகி, முதலில் இருந்ததில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். எனவே 1964-ஆம் ஆண்டு டயல் என்று விற்கப்படுவது விளக்கை அணைத்ததும் பச்சையாகப் பளிச்சிட்டு நெடுநேரம் ஒளிர்ந்தால், புதுப்பூச்சு பூசியிருக்கிறார்கள் என்பதில் ஐயம் வேண்டாம். ரேடியம் நேர்மாறு: ஒளி தரும் பூச்சு எரிந்து தீர்ந்திருந்தாலும், அரை ஆயுள் 1,600 ஆண்டுகள் என்பதால் கதிரியக்கம் அப்படியே இருக்கிறது. ரேடியம் முட்களையும் டயலையும் சுரண்டவோ ஊதவோ கூடாது. அந்தத் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. ஐயமுள்ள டயலை மேசையில் திறந்து வைக்காமல் மூடிய உறையில் வைத்து, அனுபவமுள்ளவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

நகல் கடிகாரங்களின் பாகங்கள்

பிறர் சின்னம் பொறித்த டயலையும் சாவியையும் வாங்கி நகல் கடிகாரத்தை 'மேம்படுத்த' வழி கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி, பொய்ச் சின்னம் இடுவதற்கும் அப்படிப்பட்ட பொருளை விற்பதற்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதைவிட எனக்கு உறுத்துவது, அந்தச் சந்தைக்கென்று செய்த டயல்களும் முட்களும் நாளடைவில் பழசாக்கப்பட்டு, அசல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களிடமே வந்து சேர்வதுதான்.

பழைய வடிவத்தை விரும்புபவர் சின்னமே இல்லாத டயலில் தனக்கென ஒரு கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளலாம். அதில் தவறேதும் இல்லை. ஈட்டா 2824-2, அதை ஒட்டிச் சுவிட்சர்லாந்தில் செய்யப்படும் செல்லிட்டா எஸ்.டபிள்யூ. 200, சீனத்து சீகல் எஸ்.டி. 2130, ஜப்பானிய என்.எச். 35 ஆகியவை இதற்கு ஏற்ற மெஷின்கள். இங்கும் அளவுதான் முக்கியம்: 2824-இன் மணி, நிமிட, நொடி முட்களின் துளைகள் 1.50, 0.90, 0.25 மில்லிமீட்டர்; என்.எச். 35-க்கு முதல் இரண்டும் அதேதான், நொடி முள் மட்டும் 0.20. அந்த 0.05 வேறுபாட்டை அறியாமல் வாங்கிய நொடி முள் கழன்று விழும், அல்லது உள்ளே ஏறாமல் வளையும்.

பாகம் வந்த பின்

பொட்டலத்தைப் பிரித்ததும் பழைய பாகத்தையும் புதியதையும் அருகருகே வைத்து, லென்ஸில் பல்லுக்குப் பல் பார்த்து, அளந்து, படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பொருந்தாததைத் திருப்பி அனுப்ப அந்தப் படமே சான்று. பூட்டி எண்ணெய் இட்ட பிறகு, கடிகாரத்தின் ஓட்டத்தை அதன் ஒலியைக் கொண்டு அளக்கும் டைம்கிராஃபரில் வைக்கச் சொல்லுங்கள். கருவியில், மெஷினுக்கு மெஷின் மாறும் லிஃப்ட் கோணத்தை ஒமேகா 550 குடும்பத்துக்கு 49 பாகை என்று மாற்றாமல் அளந்தால், பேலன்ஸ் சக்கரத்தின் ஊசலாட்ட அளவான ஆம்ப்ளிட்யூடைத் தவறாகத்தான் காட்டும். முழுச் சாவி கொடுத்து டயல் மேல்நோக்கிய நிலையில் 270 பாகைக்கு மேல் இருந்தால் மகிழலாம். 220-ஐ ஒட்டி நின்றால் சுருளையோ எண்ணெயையோ மறுபடி பார்க்க வேண்டும்.

கழற்றிய பாகங்களை, முறிந்த ஸ்டாஃப் உட்பட, காலிபர் எண்ணும் பாக எண்ணும் தேதியும் எழுதிய சிறு உறையில் போட்டுக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். மாமாவின் சீமாஸ்டரோடு இப்போது அப்படி ஏழு உறைகள் இருக்கின்றன. பொருந்தாத அந்தச் சாவி எட்டாவதில், துளையின் அளவு மேலே எழுதப்பட்டு, தனக்கேற்ற குழாய்க்காகக் காத்திருக்கிறது.